சோறு இறங்காவிட்டால்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை, வங்கியில் கிளார்க்காக இருந்தவன். படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சாப்பிடும்போது சோறு நெஞ்சில் அடைத்தால் நாம் "வாயு" என்று சொல்லி ஓமத்திரவம் குடிப்போம். அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால் அது போதாது. எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும். புற்றுநோயோ புண்ணோ பெரும்பாலும் உள்தோலில் வரும், அதிலேயே தெரிந்துவிடும்.

அபூர்வமாகச் சில கட்டிகள் தோலுக்கு அடியில், குழாயின் தசையில் வளரும். லியோமயோமா அப்படிப்பட்டது. அது புற்றுநோய் அல்ல. எண்டோஸ்கோபியில் வழவழப்பான புடைப்பு மட்டும் தெரியும். வெளியிலிருந்து நிணநீர்க்கட்டி அழுத்தினாலும் அதே மாதிரிதான் இருக்கும். அங்கே டாக்டர் சதைத்துண்டு எடுக்கத் தயங்குவார். எடுத்தால் தோல் தழும்பேறி, பிறகு கட்டியை மட்டும் உரித்தெடுப்பது கடினமாகிவிடும். "ஏன் பயாப்ஸி எடுக்கவில்லை?" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

சிடி ஸ்கேன் உதவுவது இங்கேதான். பாஸ்புக்கை மட்டும் பார்க்காமல் லெட்ஜரையும் பார்ப்பது மாதிரி, சுவரின் கனம், பக்கத்து மூச்சுக்குழாய், பெரிய ரத்தக்குழாய் எல்லாம் மெல்லிய அடுக்குகளாகத் தெரியும். எனக்குப் பிடித்தது அதிலுள்ள கணக்கு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, கொழுப்புக்குச் சுமார் −100. கொழுப்புக்கட்டியா, நீர்க்கட்டியா என்பதற்கு அந்த எண்ணே நல்ல துப்பு. இந்த அளவுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் என்று பெயர். சிடியைக் கண்டுபிடித்த அந்த இங்கிலாந்து இன்ஜினியர் வேலை பார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியில். நாய்ப்படம் போட்ட இசைத்தட்டு வெளியிட்டார்களே, அவர்களேதான்! முதல் நோயாளிக்கு 1971இல் ஸ்கேன் எடுத்தார்கள். 1979இல் நோபல் பரிசு.

ஆனால் சிடியே முடிவல்ல. லியோமயோமாவும், ஜிஸ்ட் என்கிற இன்னொரு கட்டியும் படத்தில் ஒன்றுபோல் இருக்கலாம். அப்போது எண்டோஸ்கோப்பிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பார்கள்.

புற்றுநோயாகவே இருந்தாலும், எங்கே ஒட்டியிருக்கிறது என்று சர்ஜனுக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும். கோவை ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலு குழுவினர், நெஞ்சைப் பிளக்காமல், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துத் துளைகள் வழியே 130 பேருக்குச் செய்த உணவுக்குழாய் ஆபரேஷன் அனுபவத்தை 2006இல் வெளியிட்டார்கள்.

நம்மில் பாதிப்பேருக்குச் சர்க்கரை. ஸ்கேனுக்கு முன் ஊசியில் மருந்து ஏற்றுவார்கள். கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், மெட்ஃபார்மின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள், அலர்ஜி இருந்தால் மறைக்காதீர்கள். கும்பகோணத்தில் எடுத்தாலும் தஞ்சாவூரில் எடுத்தாலும், ரிப்போர்ட்டோடு ஃபிலிமையும் டிஸ்கையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.