ஏழூர் உறவு

(திருக்குட நீராட்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



திருக்கோயில் ஒன்றுக்குக் குடமுழுக்கு நிகழும்பொழுது வேள்விச்சாலையில் வளரும் தீயையும், கலசங்களில் நிறைந்த புனித நீரையும், விமானத்தின் மீதேறி நிற்கும் சிவாசாரியார்களையும் யாவரும் காண்கின்றனர். அவற்றோடு காணத்தக்க மற்றொரு காட்சியும் உண்டு. பல்லாண்டுகளாகப் பூட்டிக் கிடந்த வீடுகளின் கதவுகள் அன்று திறக்கின்றன. சென்னையிலும் மும்பையிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்வோர் தம் மக்களோடு வந்து இறங்குகின்றனர். ஒரே தெருவில் வாழ்ந்து, பன்னிரண்டு ஆண்டுகள் முகம் பாராதிருந்த அத்தையும் அண்ணன் மகளும் கோபுர வாயிலில் கைபற்றி நிற்கின்றனர். இதனை விழாவின் புறத்தே நிகழும் உலகியல் என்று ஒதுக்குவாரும் உளர். வழிபாடு வேறு, உற்றாரோடு கூடி மகிழ்தல் வேறு என்பது அன்னார் கருத்து. சைவத்தின் பழைய மரபு அவ்வாறு பிரித்துக் காணவில்லை. அதற்குச் சோழ வளநாட்டின் நடுவே ஆண்டுதோறும் நிகழும் திருவிழா ஒன்றே போதிய சான்று. அது திருவையாற்று ஏழூர்த் திருவிழா. சப்தஸ்தானம் என்று வழங்குவது.

இவ்விழாவின் வரலாறு ஒரு பிள்ளையின் வரலாறு. மகப்பேறின்றி வாடிய சிலாத முனிவர், வேள்விக்காக நிலத்தை உழுதபொழுது பெட்டகம் ஒன்றில் ஒரு குழந்தையைக் கண்டெடுத்தார். அக்குழந்தைக்கு ஆயுள் பதினாறே ஆண்டுகள் என்பதையும் உடன் அறிந்தார். தந்தையின் கண்ணீரைத் துடைக்க அப்பிள்ளை திருவையாற்றுத் தீர்த்தத்தில் நின்று அருந்தவம் புரிந்தது. ஐயாறப்பர் வெளிப்பட்டு, நீரில் நின்று நைந்த அவ்வுடலை ஐவகை நீரால் முழுக்காட்டினார் என்பர். அவ்வைந்தனுள் அம்மையின் திருமுலைப்பாலும் ஒன்று. ஐயாறு என்னும் பெயருக்கு இதனையும் ஒரு காரணமாகக் கூறுவதுண்டு. அன்று முதல் நந்தியெம்பெருமான் ஐயாறப்பருக்கும் அறம்வளர்த்த நாயகிக்கும் மகன்மை உடையவர் ஆயினார்.

மகனுக்கு மணம் முடிப்பது பெற்றோர் கடன் அன்றோ? கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடியில், வியாக்கிரபாத முனிவர் திருமகளார் சுயசாம்பிகையை நந்தியெம்பெருமானுக்கு மணம் பேசினர். பங்குனித் திங்கள் புனர்பூச நாளில் இன்றும் அத்திருமணம் திருமழபாடியில் நிகழ்கின்றது. ஐயாறப்பர் அம்மையோடு மாப்பிள்ளை வீட்டாராக ஆற்றைக் கடந்து எழுந்தருளுகின்றார். அதனைக் கண்டார்க்கு விரைவில் மணம் கூடும் என்பது மக்கள் நம்பிக்கை. மணமாகாத மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு, வாய்திறந்து ஒன்றும் சொல்லாமல் ஒரு மூலையில் நிற்கும் தாய்மாரை அந்நாளில் அங்கே காணலாம்.

திருமணம் என்றால் பண்டம் வேண்டும், ஆள் வேண்டும். ஐயாறப்பர் உலகனைத்தையும் உடையவர். எனினும் அண்டை ஊர்களின் உதவியை நாடினார் என்கின்றது மரபு. திருப்பழனம் பழங்களைத் தந்தது. திருச்சோற்றுத்துறை சோறு தந்தது. திருவேதிகுடி வேதியரை அனுப்பியது. திருக்கண்டியூர் அணிகலன் தந்தது. திருப்பூந்துருத்தி மலர் தந்தது. திருநெய்த்தானமாகிய தில்லைஸ்தானம் வேள்விக்கு நெய் தந்தது. பழனம் என்பது வயலைக் குறிக்கும் சொல், துருத்தி என்பது ஆற்றிடைக்குறை என்று நூலறிந்தோர் எடுத்துக்காட்டுவர். அது மெய்யே. ஆயினும் தம் ஊர்ப் பெயரிலேயே ஒரு கலியாணத்திற்குக் கொடுத்த சீர் அடங்கியிருப்பதாக ஊர் மக்கள் கொண்ட உரிமையை அகராதி கொண்டு மறுத்தல் இயலாது. கொடுத்த பெருமையைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மறவாமல் காப்பது இவ்வாறே.

மணம் முடிந்தது. அடுத்த சித்திரையில் விசாக நாளன்று ஐயாறப்பர் அம்மையோடு கண்ணாடிப் பல்லக்கில் புறப்படுகின்றார். புதுமணமக்களாகிய நந்தியெம்பெருமானும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கில் உடன் செல்கின்றனர். ஆறு ஊர்களுக்கும் செல்லும் இவ்வுலாவைத் திருமண அழைப்பு என்று சிலரும், உதவியோர்க்கு நன்றி கூறும் செலவு என்று சிலரும் உரைப்பர். மணம் பங்குனியில் நிகழ, உலா சித்திரையில் நிகழ்தலின், நன்றி என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. மருமகளை அழைத்துச் சென்று உற்றார் வீடுதோறும் காட்டி வரும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு. இறைவனும் அதனையே செய்கின்றான். ஆள் அனுப்பி நன்றி கூறவில்லை, தானே செல்கின்றான், தனித்தும் செல்லவில்லை, குடும்பத்தோடு செல்கின்றான்.

செல்லும் வழியும் எளிதன்று. திருவையாற்றிலிருந்து காவிரியின் வடகரையிலேயே கிழக்கு நோக்கித் திருப்பழனம், அங்கிருந்து ஆறு கடந்து தெற்கே திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, பின்னர் மேற்கே திரும்பிக் கண்டியூர், பூந்துருத்தி, மீண்டும் காவிரியைக் கடந்து தில்லைஸ்தானம், அங்கிருந்து திருவையாறு. 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பெற்ற பின்னர், பாசனத்திற்கு ஜூன் 12இல் நீர் திறந்து ஜனவரி 28இல் அடைப்பது வழக்கமாயிற்று. எனவே சித்திரையில் ஆறுகள் பெரும்பாலும் மணற்பரப்பாகவே கிடக்கும். கோடை வெயிலில் காய்ந்த அம்மணலில் பல்லக்கைத் தோளில் தாங்கிச் செல்வோரின் பாதங்கள் படும் பாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வோர் ஊரின் எல்லையிலும் அவ்வூர்ப் பெருமான் தம் பல்லக்கில் எதிர்கொண்டு வந்து வரவேற்று, பின்னர்த் தாமும் உடன் புறப்படுகின்றார். விருந்துக்கு வந்தவரை வழியனுப்ப வந்தவரே பயணத்தில் சேர்ந்துகொள்ளுதல் போல்வது அது. முதலில் ஓரிரு பல்லக்குகளோடு தொடங்கிய உலா ஊருக்கு ஊர் பெருகிச் செல்கின்றது.

பல்லக்குகளின் பின்னே குடும்பங்கள் செல்கின்றன. மாட்டுவண்டிகள் நிறைந்து சென்ற காலத்தில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, குழந்தைகளை வைக்கோல் மெத்தையில் கிடத்திச் சென்றனர். வண்டிகள் குறைந்தன, நடப்போர் குறைந்திலர். வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல்கள், நீர்மோர், பானகம், பனையோலை விசிறி. கண்டியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணைக் காணத் திருப்பழனத்துப் பெற்றோர்க்குப் பல்லக்கு ஒரு வழித்துணை. பிணங்கிப் பேசாதிருந்த உடன்பிறந்தார் இருவர், பெருமான் ஒரே தெருவில் வரும்பொழுது தனித்தனி வாயிலில் நின்று தீபாராதனை காட்டக் கூசிப் பேசத் தொடங்கிவிடுவதும் உண்டு. நடக்கவியலாத முதியோர் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் கோயிலுக்குச் செல்ல வேண்டுவதில்லை.

இந்நெறியில் திருப்பழனத்தின் அருகே திங்களூர் உள்ளது. அப்பூதியடிகள் வாழ்ந்த ஊர். திருநாவுக்கரசரை அவர் கண்டதில்லை. கண்டிலராயினும் தம் மக்களுக்கும் தாம் வைத்த தண்ணீர்ப்பந்தலுக்கும் அப்பெயரையே இட்டார். ஒருநாள் நாவரசரே அவ்வூர் வழியே வந்தார். இல்லம் முழுவதும் மகிழ்ச்சி வெள்ளம். அறுசுவை அமுது ஆக்கினர். வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த பிள்ளையை அரவம் தீண்டியது. அப்பிள்ளை ஓடிவந்து குருத்தைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு வீழ்ந்தது. அடியார் அமுது செய்தல் தடைப்படுமே என்று பெற்றோர் பிள்ளையின் உடலை மறைத்தனர், கண்ணீரையும் மறைத்தனர்.

பெற்றோரின் இத்திண்மையைப் போற்றாதார் இல்லை. ஆயினும் அதன்பின் நிகழ்ந்ததைப் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். நாவரசர் இலையின் முன் அமர்ந்தபின், திருநீறு அளிக்கையில், மூத்த பிள்ளை எங்கே என்று வினவினார். கேட்டறியும் வரை அவர் கை அமுதிற் படவில்லை. செய்தியறிந்து எழுந்து திருக்கோயிலுக்குச் சென்று பதிகம் பாடினார். பிள்ளை உறங்கி விழித்தாற்போல் எழுந்தது. மீண்டு வந்து அப்பூதியடிகளும் அவர்தம் மக்களும் உடனிருக்க அமுது செய்தார். குடும்பம் விருந்தினருக்காகப் பிள்ளையையும் மறைத்தது. விருந்தினரோ அப்பிள்ளை இன்றிப் பந்தி இல்லை என்றார். துறவியாகிய அவருக்கு அவ்வீட்டின் ஒவ்வொரு தலையும் கணக்கில் இருந்தது.

அவ்வாறு கேட்டற்கு அவர் வாழ்வே காரணம் எனலாம். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர் அவர். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். உயிர் விடத் துணிந்த அத்தமக்கையார் தம்பிக்காகவே உயிர் தாங்கினார். வீடு நிறைந்த சுற்றம் என்பதை நாவரசர் அறிந்ததில்லை. முதுமையில் கயிலையைக் காணப் புறப்பட்டுக் கால் தேய, கை தேய, மார்பு தேயத் தவழ்ந்து சென்றார். இறைவன் அவரைப் பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றுக் குளத்தில் எழச் செய்து, அங்கே கயிலைக் காட்சி அருளினான். அப்பொழுது அவர் கண்ட காட்சி யாது? ஒளிமலையோ முனிவர் கூட்டமோ மட்டும் அன்று. களிறு பிடியோடு வந்தது. சேவல் பெடையோடு வந்தது. குயிலும் மயிலும் தத்தம் துணையோடு வந்தன. அவ்விணைகளில் அம்மையப்பரைக் கண்டதாகப் பாடினார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் கொண்டாடப்பெறுவது இக்காட்சியே. தனித்து நடந்தவருக்கு இறைவன் தன்னைக் குடும்பமாகவே காட்டினான்.

அத்தலத்திற்குப் பொருள் ஈந்தோர் வரிசையிலும் குடும்பம் உண்டு. முதலாம் இராசராசனின் தேவியார் உலோகமாதேவியார் எடுப்பித்த வடகயிலாயமும், அவன் மகன் இராசேந்திரனின் தேவியார் பஞ்சவன்மாதேவியாரின் திருப்பணி பெற்ற தென்கயிலாயமும் ஒரே வளாகத்துள் நிற்கின்றன. மாமியார் எடுத்த கோயிலின் அருகே மருமகளின் கொடை! மன்னர் வீட்டுப் பெண்டிரிடையே என்னென்ன மனவேறுபாடு இருந்ததோ, கல்வெட்டு அதனைச் சொல்லவில்லை.

திருப்பணிக்குப் பொருள் அனுப்பியோர் பெயர் கல்லில் பொறிக்கப்படுதல் தக்கதே. ஆனால் பொருள் வந்து ஆள் வராதிருத்தல் ஒரு குறை. இக்காலத்தே மகிழுந்தில் ஒரே நாளில் ஒன்பது தலங்களைத் தொட்டு மீளும் யாத்திரை பெருகிவிட்டது. விரைவு தடைப்படும் என்று பாட்டியாரை வீட்டில் விட்டுச் செல்கின்றனர். எந்தத் தலத்தில் யாருக்காக நேர்ந்த வேண்டுதல் இன்னும் செலுத்தப்படாதிருக்கின்றது என்பதை அறிந்தவர் அப்பாட்டியார் ஒருவரே என்பதை எண்ணுவதில்லை. கணவனை இழந்த தமக்கையை மங்கல நாளில் அழைக்கக் கூசும் குடும்பங்களும் உள்ளன. திலகவதியார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகியமையால் அன்றோ நாவரசர் சைவத்திற்குக் கிடைத்தார்! அத்தகைய தமக்கையரை மங்கலத்திற்குப் புறம்பானவர் என்று கொள்ளுதல் எந்த ஆகமத்தின் துணிவு?

குடமுழுக்கு முடிந்தபின் மண்டலாபிஷேகம் 48 நாட்கள் நிகழும். முதல் நாளில் நிறைந்த கூட்டம் பத்தாம் நாளில் இராது. ஊருக்கு வந்தோர் விடைபெற்றுச் செல்வர். மீண்டும் எப்பொழுது என்று கேட்கும் முதியோர்க்கு விடை கூறாமல் செல்லுதல் எளிது. மண்டல நிறைவு நாளுக்குக் குடும்பத்தில் ஒருவரேனும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருதல், உண்டியலில் இடும் பொருளினும் அம்முதியோர்க்கு இனிது.

ஏழூர் உலா மறுநாள் திருவையாற்றை அடைகின்றது. ஏழு பல்லக்குகளும் கூடி நிற்க, பொம்மை ஒன்று ஒவ்வொரு பல்லக்கின் மீதும் மலர் சொரியும். தோளிலிருக்கும் குழந்தைகள் அதைக் காணவே காத்திருந்தவர்கள். பொம்மையின் கை அசைந்தவுடன் எழும் ஆரவாரத்தில் நாகசுவரத்தின் ஒலியும் அடங்கிவிடும். அதன்பின் ஆறு ஊர்ப் பெருமான்களும் ஐயாறப்பரிடம் விடைபெற்றுத் தத்தம் ஊருக்குத் திரும்புகின்றனர். உறங்கிவிட்ட பிள்ளைகளைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்தவாறு, அவ்வப் பல்லக்கின் பின்னே அவ்வவ்வூர்க் குடும்பங்களும் நடக்கின்றன.