கலைஞனுக்குக் கலைஞன் காட்டிய வழி



பத்துப்பாட்டிலே சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை அடியவனை முருகனிடத்து ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும், அதாவது பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் ஆகியன, பிழைப்புக்கு வழி தேடிய கலைஞர்களைப் பற்றியவை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், பெறாதவனை வழியிலே கண்டு, தான் பெற்ற இடத்தையும் அங்கு செல்லும் நெறியையும் அவனுக்கு எடுத்துரைப்பதே ஆற்றுப்படை. தொல்காப்பியர் புறத்திணையியலில் இதற்கு இலக்கணம் வகுத்துள்ளார்.

இந்நூல்களைப் பல ஆண்டுகளாக வகுப்பிலே கற்பித்து வருகிறேன். கரிகாலனின் கொடை, நல்லியக்கோடனின் விருந்து, நன்னனின் மலைவளம் என்று வள்ளல்களைப் பற்றியே விளக்குவது வழக்கம். வழி சொன்னவனை நான் கவனித்ததில்லை. கவனிக்கச் செய்தவன் என் பழைய மாணவன் ஒருவன்.

அவன் தவில் வாசிப்பவன். ஒரு மார்கழி மழைநாளில் வீட்டுக்கு வந்தான்.

“சேர், அலுமாரி நிறையப் பொன்னாடை கிடக்கு. உலையிலை போடேலாது. உதை விட்டிட்டு வெளிநாட்டுக்குப் போகட்டோ?” என்று கேட்டான்.

“கலையைக் கைவிடக்கூடாது, தம்பி” என்றேன். வேறொன்றும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தத் தவணையில் நான் கற்பித்துக்கொண்டிருந்தது சிறுபாணாற்றுப்படை!

அவனுக்கு வழி சொன்னவர் முதிய தவில் வித்துவான் ஒருவர். அவனுடைய குருவுமல்லர், உறவுமல்லர். தொழில்முறையில் அவனது வீட்டாருக்குப் போட்டியாளர் என்றே சொல்லலாம். அவனைத் திண்ணையில் இருத்தி அவர் சொன்னவற்றைப் பின்னர் அவனே எனக்குச் சொன்னான்.

“எந்தக் கோயில் எப்ப கொடியேறும் எண்டு கொப்பியிலை எழுதி வை. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. உழைக்கிற மாதத்திலையே அந்த மாதங்களுக்கு ஒதுக்கு. காசு கதைக்காமல் அச்சாரம் வாங்காதை. ஒவ்வொரு சேவகத்திலும் தோலுக்கும் வாருக்கும் எண்டு ஒரு பங்கை எடுத்து வை. தோளும் விரலும் உன்ரை முதல். ஒரே இரவிலை மூண்டு இடம் ஒப்புக்கொள்ளாதை. நாலு பொடியளுக்குப் பழக்கு.”

அவன் இன்றும் தவில் வாசிக்கிறான். பெருஞ்செல்வனாகி விட்டான் என்று சொல்லமாட்டேன்; வழி தெரிந்து வாழ்கிறான்.

அதன்பின் ஆற்றுப்படைகளை மீண்டும் படித்தபோது, அந்த முதியவரின் குரலே அவற்றிலும் கேட்டது. பொருநராற்றுப்படையின் தொடக்கத்தைப் பாருங்கள். திருவிழா முடிந்த மறுநாள், அவ்வூர்ச் சோற்றுக்கு ஆசைப்பட்டு அங்கேயே தங்காது, வேறிடம் புறப்படும் பொருநனை உபாயம் அறிந்தவனே என்று விளிக்கிறான் வழிகாட்டி. ஓரிடத்து வாய்ப்பு முடிந்தால் அடுத்ததை நாடவேண்டும் என்பது அன்றே அறிந்த தொழில் நெறி.

சிறுபாணாற்றுப்படையில் வழிகாட்டி தன் பழைய வறுமையை மறைக்கவில்லை. அடுக்களையில் நாய் குட்டி போட்டிருந்ததையும், குப்பைக்கீரையை உப்பின்றி அவித்து, பிறர் காணாதபடி கதவடைத்துச் சுற்றத்தோடு உண்டதையும் சொல்கிறான். நானும் அப்படித்தான் இருந்தேன் என்று வென்றவன் சொல்லும்போதுதான் தளர்ந்தவனுக்கு நம்பிக்கை பிறக்கிறது.

583 அடிகள் கொண்ட மலைபடுகடாமோ முழுமையான வழிநூல். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு கிடக்கும் குழி எங்கே, வழுக்கும் பாதையில் எதைப் பற்றி நடப்பது, தினைப்புனக் காவலரின் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது என்றெல்லாம் கூறுகிறது. பரிசைச் சொல்லி ஆசை காட்டுவதோடு நில்லாது, இடரையும் முன்கூட்டியே சொல்வது நல்ல வழிகாட்டியின் இயல்பு.

இன்னொன்றும் உண்டு. கரிகாலனிடத்து விருந்துண்ட பொருநன், இறைச்சி தின்று தின்று பற்கள் மழுங்கிய நிலையில், ஊர் செல்ல விடை கேட்கிறான். வள்ளலின் வீடு எத்துணை இனிதாயினும் தன் வீடும் சுற்றமும் உண்டென்பதை அவன் மறக்கவில்லை. இன்று விழாக்காலத்தில் வீட்டையும் உடல்நலத்தையும் மறந்து ஓடும் கலைஞர் எண்ணிப் பார்க்கவேண்டிய இடம் இது.

நேயர்களே, இசை கற்பிக்க ஆசிரியர்கள் உள்ளனர். தேர்வும் பட்டமும் உள்ளன. ஆனால், கற்ற இசையைக் கொண்டு எப்படி வாழ்வது என்பதை அத்தொழிலில் வாழ்ந்தவரே சொல்லமுடியும். அதனைத் தொழில் இரகசியமென்று மூடி வைப்பவர் உளர். சங்கப் பாணன் மூடிவைக்கவில்லை. இன்னொரு பாணன் வந்தால் தன் பங்கு குறையும் என்று அவன் அஞ்சியதாக எந்த ஆற்றுப்படையிலும் இல்லை.

அழைக்கும் எமக்கும் கடமை உண்டு. பரிசு பெற்று விடைபெறும் பொருநனோடு கரிகாலன் ஏழடி பின் நடந்து சென்று வழியனுப்புவான் என்கிறது பாட்டு. நாம் ஏழடி நடக்காவிட்டாலும் பாதகமில்லை. பேசிய பணத்தை அன்றிரவே கையில் கொடுத்துவிட்டுப் பொன்னாடையைப் போர்த்துவோம்.