எதிர்க்காற்று
(ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆராதனையில் சபை அங்கத்தினர் ஒருவர் பேசியது)



நான் ஊழியக்காரன் அல்ல, சைக்கிள்காரன். ஒரு அக்டோபர் மாதச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

பாப்பகுராவரை சைக்கிளோடு ரயிலில் போய், அங்கிருந்து கிளீவ்டன், கவாக்கவா பே, கையாவுவா வழியாகத் தேம்ஸ் ஊருக்கு ஒரே நாளில் தனியாக மிதிப்பது என்று கிளம்பினேன். 100 கிலோமீட்டருக்கு மேல். வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தேன்.

மேடுகளைத் தாண்டி, சாலை தெற்கே திரும்பிக் கடலோரமாக இறங்கியதும், தென்கிழக்குக் காற்று நேராக நெஞ்சில் அறைந்தது. 20 கிலோமீட்டர் வேகம் 9 ஆனது. கோபத்தில் இன்னும் அழுத்தினேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

பிள்ளைகளே, இதில் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றில்லாத நாளில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வந்தால், உங்கள்மேல் மோதுவது 40. அப்போது காற்றின் தடை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும்! அதே வேகத்தில் போகப் பிடிவாதம் பிடித்தால் கால் தோற்றுப்போகும். கியரைக் குறைத்து, உடம்பைத் தாழ்த்தி, மெதுவாகத்தான் போக வேண்டும்.

என் அப்பா பணகுடிப் பக்கம் உபதேசியாராக இருந்தார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று சீறி வரும் இடம். இன்று அங்கே காற்றாலைகள் நிற்கின்றன. கியர் இல்லாத சைக்கிளில் கிராமம் கிராமமாக ஜெபக் கூட்டத்துக்குப் போவார். பின்னால் நான். "ஏலே, காத்தோட மல்லுக்கட்டாத. எறங்கி உருட்டு. ஊரு எங்கேயும் ஓடிப் போவாது" என்பார்.

அது நினைவுக்கு வந்ததும் இறங்கி உருட்டினேன்.

மிராண்டா பறவை மையத்தை அடையும்போது மாலை ஆகிவிட்டது. இருட்டுமுன் தேம்ஸ் போக முடியாது. சேற்றுக் கரையில் குவாக்கா பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. 2007-ல் ஈ7 என்று அடையாளமிட்ட ஒரு குவாக்கா, அலாஸ்காவிலிருந்து எங்கும் இறங்காமல் 11,500 கிலோமீட்டருக்கும் அதிகமாக, சுமார் எட்டு நாள் பறந்து இந்த வளைகுடாவுக்கு வந்தது. அவ்வளவு பலமுள்ள பறவையும் நினைத்த நாளில் கிளம்புவதில்லை. சாதகமான காற்றுக்காகக் கரையில் காத்திருக்கும்.

எனக்குக் காத்திருக்கவும் தெரியவில்லை, கேட்கவும் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன். அப்போது எனக்கு வேலை போய் இரண்டு மாதம். சபையில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, "நல்லா இருக்கேன்" என்று கைகுலுக்கிவிட்டுப் போவேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நம் சபை அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். ஒரு கேள்வியும் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு வந்தார். பிளாஸ்கில் டீ, பொட்டலத்தில் இட்லி. சைக்கிளைப் பின்னால் கட்டினோம். திரும்பும் வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இத ஏன் தம்பி இவ்வளவு நாளா சொல்லல?" என்றார். அவ்வளவுதான்.

சீஷர்கள் எதிர்க்காற்றில் தண்டு வலித்து வருந்தியதை இயேசு கண்டு, கடலின்மேல் நடந்து வந்தார் என்று மாற்கு எழுதுகிறார். ஏன் இன்னும் அக்கரை சேரவில்லை என்று அவர் கேட்கவில்லை. படகில் ஏறினார்.

எனக்கு வேலை கிடைக்க இன்னும் சில மாதங்கள் ஆயின. ஆனால் அந்த மாதங்களை நான் தனியாக மிதிக்கவில்லை. ஜெபக் குழு கூடவே வந்தது.

பிள்ளைகளே, பள்ளியிலோ வீட்டிலோ எதிர்க்காற்று அடித்தால் வேகத்தைக் குறையுங்கள். முடியாவிட்டால் இறங்கி உருட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒருவரைக் கூப்பிடுங்கள். பெரியவர்களே, போன் அடித்தால் எடுங்கள். சபை அதற்காகத்தான் இருக்கிறது.

கர்த்தர் உங்கள் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.