ஒரு வரப்பை எத்தனை தடவை எழுதுவது?
(மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"பத்து நிமிஷம் பேசு, ஆனா எல்லாருக்கும் புரியற மாதிரி பேசு" என்று செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். அதனால் எனக்குச் சோறு போடும் தொழிலைப் பற்றியே சொல்கிறேன். ஓர் இடத்தைக் கம்ப்யூட்டரில் எப்படி எழுதி வைப்பது?

பெயர், வயது, சம்பளம் எல்லாம் அட்டவணையின் ஒரு கட்டத்தில் அடங்கிவிடும். ஓர் ஏரி எப்படி அடங்கும்? இரண்டு வழி உண்டு. ஒன்று, ராஸ்டர். நிலத்தின் மேல் கிராஃப் பேப்பரை விரித்து, கட்டத்துக்குக் கட்டம் ஓர் எண் போடுவது. செயற்கைக்கோள் படமெல்லாம் இந்த வகைதான். உயரம், மழையளவு என்று இடத்துக்கு இடம் சிறுகச் சிறுக மாறும் சங்கதிக்கு இது பொருத்தம். மற்றது, வெக்டர். கிணறு என்றால் புள்ளி, சாலை என்றால் கோடு, வயல் என்றால் மூடிய எல்லை.

"இதிலே என்னப்பா இருக்கு?" என்று கேட்பீர்கள். இருக்குங்க.

அண்ணன் வயலும் தம்பி வயலும் அடுத்தடுத்து. நடுவில் ஒரே வரப்பு. ஒவ்வொரு வயலையும் தனித்தனி வடிவமாக எழுதினால் அந்த வரப்பு டேட்டாபேஸில் இரண்டு தடவை பதிவாகும். அண்ணன் பக்கத்தைத் திருத்தியவர் தம்பி பக்கத்தை விட்டுவிட்டால்? நிலத்தில் ஒரு வரப்பு, கம்ப்யூட்டரில் இரண்டு! நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத கீற்று ஒன்று முளைக்கும். இல்லாவிட்டால் ஒரே கீற்று இருவருக்கும் சொந்தமாகும். கோர்ட்டு வாசலை மிதிக்க அது போதாதா?

இதே சிக்கலுக்கு அமெரிக்கச் சென்சஸ் துறை 1960-களின் பிற்பகுதியில் 'டைம்' என்ற முறையில் விடை கண்டது. தெருவின் ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, இடப்பக்கம் எந்த பிளாக், வலப்பக்கம் எந்த பிளாக் என்று எழுதினார்கள். கோடு ஒரே தடவைதான். 1990 சென்சஸுக்கு உதவிய 'டைகர்' இதன் வாரிசு. இப்படி யார் யாரைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதி வைப்பதற்குப் பெயர் டோப்பாலஜி. வரப்பைத் திருத்தினால் அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்ந்தே மாறும்.

ஆனால் இதற்கும் விலை உண்டு. ஒரு வயலின் முழு உருவம் வேண்டுமானால் துண்டு துண்டாகத் தேடிக் கோர்க்க வேண்டும். அதனால்தான் 2001-ல் வெளிவந்த போஸ்ட்ஜிஐஎஸ் போன்றவை தனித்தனி வடிவ முறையில் தொடங்கின. டோப்பாலஜி வசதி பிறகு சேர்ந்தது. வேகமாகத் தேட ஒரு முறை, தவறாமல் திருத்த ஒரு முறை. எது வேண்டும் என்பதை வேலைதான் தீர்மானிக்கும்.

நம் சர்வேயர்களின் எஃப்.எம்.பி. புத்தகத்தைப் பாருங்கள். அதில் கல்லுக்குக் கல் தூரம், நடுக்கோட்டிலிருந்து செங்குத்தாக எத்தனை மீட்டர் என்ற அளவுகள் இருக்கும். கல் காணாமல் போனாலும் அந்த அளவை வைத்துத் திரும்ப நட்டுவிடலாம். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு மூல அளவு எதற்கு என்று தூக்கிப் போட்டால், நாளைக்குத் தகராறு வரும்போது கையில் படம்தான் இருக்கும், ஆதாரம் இருக்காது.

நம்மில் அதிகாரிகள் இருக்கிறீர்கள், பேங்க்காரர்கள் இருக்கிறீர்கள், சாஃப்ட்வேர் பிள்ளைகளைப் பெற்றவர்களும் இருக்கிறீர்கள். நிலம் சம்பந்தப்பட்ட திட்டம் எது மேஜைக்கு வந்தாலும் இரண்டே கேள்வி கேளுங்கள். இதில் ஒரு வரப்பு எத்தனை தடவை எழுதப்பட்டிருக்கு? மூல அளவு எங்கே இருக்கு? பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.