நாயைக் கூட்டிட்டுப் போறதா, விட்டுட்டுப் போறதா?

இந்த எபிசோடை தஞ்சாவூர்ல, எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து பதிவு பண்றேன். நடுவுல சில இடத்துல குரைப்புச் சத்தம் கேட்கும். எடிட்ல தூக்கிடலாம்னு பார்த்தேன், அப்புறம் விட்டுட்டேன். இன்னைக்குப் பேசப் போறதே அவனைப் பத்தித்தான். பேரு மணி. 2020 லாக்டவுன்ல, வெண்ணாத்துப் பாலத்துக்கிட்ட அரிசிச் சாக்கு மேல படுத்துக் கிடந்த குட்டி. நாட்டு நாய். இப்போ வீட்டுல அவனுக்கு அப்புறம்தான் எனக்குச் சாப்பாடு.

"ப்ரோ, வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு, வீட்டு நாயை எப்படிக் கூட்டிட்டுப் போறது?"ன்னு நிறைய மெசேஜ் வருது. பூனை வளர்க்கிறவங்களும் கேட்கிறாங்க. 2023ல ஜெர்மனி போறதுக்காக மணிக்கு நான் இந்த வேலையை எல்லாம் பண்ணினேன். அதுல ஒரு பெரிய தப்பும் பண்ணினேன். முதல்ல நடைமுறை, அப்புறம் கதை.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். பாஸ்போர்ட், விசா மாதிரி நாய்க்கும் பேப்பர் வேணும், ஆனா அந்தப் பேப்பர் எல்லாமே சுத்திச் சுத்தி ஒரே நோயைப் பத்தினது: ரேபிஸ், வெறிநாய்க்கடி. உலகத்துல ரேபிஸால சாகிறவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல இந்தியாவுலன்னு உலக சுகாதார அமைப்போட மதிப்பீடு சொல்லுது. அதனால நம்ம நாட்டு நாயைப் பல நாடுகள் சந்தேகத்தோடதான் பார்க்குது. உங்க நாய் ரொம்ப நல்லவனா இருக்கலாம். அவங்களுக்கு வேண்டியது ஆதாரம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வரிசை இப்படி. முதல்ல மைக்ரோசிப். ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும். ஊசி மூலமா பிடரித் தோலுக்கு அடியில வைப்பாங்க. ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்துல, 15 இலக்க எண்ணோட இருக்கணும். ரெண்டாவது, ரேபிஸ் தடுப்பூசி. குட்டிக்கு 12 வாரமாவது ஆகியிருக்கணும். மூணாவது, ஊசி போட்டு குறைஞ்சது 30 நாள் கழிச்சு ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரிச்ச ஆய்வகத்துக்கு அனுப்பணும். இதுக்குப் பேரு டைட்டர் டெஸ்ட். ரத்தத்துல ரேபிஸ் எதிர்ப்பு சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 ஐயூவாவது இருக்கணும். நாலாவது, ரத்தம் எடுத்த நாள்ல இருந்து மூணு மாசம் காத்திருக்கணும்.

ரிசல்ட் நல்லா வந்தப்புறமும் எதுக்கு மூணு மாசம்? எனக்கும் கடுப்பாத்தான் இருந்தது. ஆனா காரணம் இருக்கு. ரேபிஸ் உடம்புல நுழைஞ்சு அறிகுறி காட்ட வாரக்கணக்கு, சில சமயம் மாசக்கணக்கு ஆகும். ஊசி போடுறதுக்கு முன்னாடியே நோய் உள்ள போயிருந்தா, அது இந்த மூணு மாசத்துல பெரும்பாலும் வெளிய தெரிஞ்சிடும். நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட் பாஸான பில்டையும் கொஞ்ச நாள் ஓடவிட்டுப் பார்த்துட்டுத்தான் ரிலீஸ் பண்றாங்க.

இப்போ என் தப்பு. 2023 பிப்ரவரியில மணிக்கு வழக்கமான ரேபிஸ் ஊசி போட்டோம். ஒரு வாரம் கழிச்சு அதே கிளினிக்ல சிப் வெச்சோம். ரெண்டும் ஆச்சு, டிக் போட்டாச்சு. ஏப்ரல்ல ரத்தம் அனுப்புற ஃபாரத்தை நிரப்பும்போதுதான் பார்த்தேன், சிப் வெச்ச தேதி, ஊசி போட்ட தேதி ரெண்டையும் கேட்டிருந்தது. சிப் வெச்ச அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ போட்ட ஊசிதான் செல்லும். சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி யாருக்குப் போட்டதுன்னு எப்படித் தெரியும்? அவங்க கணக்குல மணிக்கு ஊசியே போடல.

ப்ரைமரி கீ இல்லாம டேட்டாபேஸ்ல வரிசை சேர்த்த மாதிரி. இதை வெச்சு சோறு திங்கிறவன் நான், எனக்கே தோணல. கிளினிக்ல சொல்லலையேன்னு கோபம் வந்தது. ஆனா அவங்ககிட்ட "ஜெர்மனிக்குப் போறான்"னு நான் ஒரு வார்த்தை சொல்லவே இல்ல.

ஏப்ரல் 17 மறுபடி ஊசி. மே 18 ரத்தம். அங்கிருந்து மூணு மாசம்னா ஆகஸ்ட் 18. எனக்கு வேலையில சேர வேண்டிய நாள் ஜூலை 1. வரிசை சரியா இருந்திருந்தா ஜூன்லயே ரெடி. ஒரு வாரம் முன்ன பின்ன ஆனதுல ரெண்டு மாசம் போச்சு. நான் தனியாத்தான் கிளம்பினேன்.

அதோட முடியல. சொந்த வளர்ப்புப் பிராணியாக் கொண்டுபோகணும்னா, உங்க பயணத்துக்கும் அதோட பயணத்துக்கும் நடுவுல 5 நாளுக்கு மேல இடைவெளி இருக்கக் கூடாது. அதுக்கு மேலன்னா வணிக இறக்குமதியாக் கணக்கு வெச்சு வேற விதிகள் வந்துடும். அதனால "நீங்க முன்னாடி போங்க, நாயைப் பார்சல் பண்ணிடலாம்"னு யாராவது சொன்னா ஜாக்கிரதை. டிசம்பர் லீவுல வந்து நானே கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணினேன்.

டெல்டாக்காரங்க கவனிக்க வேண்டிய இன்னொண்ணு. நமக்கு திருச்சி ஏர்போர்ட் ஒரு மணி நேரம்தான். சிங்கப்பூர், மலேசியா, துபாய்னு அங்கிருந்தே ஏறிடுவோம். ஆனா கால்நடைத் தனிமைப்படுத்தல், சான்றளிப்புச் சேவைக்கு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் மாதிரி சில ஊர்லதான் நிலையம் இருக்கு. நமக்குச் சென்னை, பள்ளிக்கரணை. மிருகத்தைப் பரிசோதிச்சு, சுகாதாரச் சான்றிதழ் தருவாங்க. ஐரோப்பாவுக்கான சான்றிதழ், கொடுத்த நாள்ல இருந்து 10 நாளுக்குள்ள அங்க நுழைஞ்சாத்தான் செல்லும். அதனால ஃப்ளைட் தேதியை முடிவு பண்ணிட்டு, அங்கிருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வாங்க.

அடுத்தது கூண்டு. ஐயாட்டான்னு சொல்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தோட கணக்கு இது. மூக்கு நுனியில இருந்து வால் ஆரம்பம் வரை நீளம். அதோட, தரையில இருந்து முழங்கை வரை உயரத்துல பாதியைக் கூட்டினா கூண்டு நீளம். தோள் அகலத்தை ரெண்டால பெருக்கினா கூண்டு அகலம். நிமிர்ந்து நிக்கும்போது தலையோ காது நுனியோ எது உயரமோ அது, அதோட விரிப்போட கனம், இது கூண்டு உயரம். மணிக்கு 75 சென்டிமீட்டர், முழங்கை 30. அப்போ நீளம் 90. அப்பா டெய்லர் டேப்பை எடுத்துட்டு வந்து மூணு தடவை அளந்தார். ஒவ்வொரு தடவையும் மணி அதைக் கடிக்கப் பார்த்தான்.

கடையில கிடைச்ச கூண்டு 90, 60, 65. கார்கோவுல பொதுவா இதைப் பெருக்கி 6000 ஆல வகுப்பாங்க. 58.5 கிலோ வரும். மணி எடை 18 கிலோ. எடை, அளவு ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் காசு. பட்ஜெட் போடும்போது நாயை எடை போடாதீங்க, கூண்டைப் பெருக்குங்க.

மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வெச்சு அனுப்பலாமான்னு எல்லாரும் கேட்பாங்க. வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கும், கூண்டு ஆடும்போது உடம்பைத் தாங்கிக்க முடியாது. பல ஏர்லைன்ஸ் மயக்கத்துல இருக்கிற மிருகத்தை ஏத்தவே மாட்டாங்க. மிருகங்களை வைக்கிற கார்கோ பகுதியில காத்தழுத்தம், வெப்பம் ரெண்டும் கட்டுப்பாட்டுல இருக்கும். ஆனாலும் பக், புல்டாக், பெர்ஷியன் பூனை மாதிரி சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சு விடுறதே சிரமம். அதனால நிறைய ஏர்லைன்ஸ் அதுகளைக் கார்கோவுல எடுக்கிறதில்ல. நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறைக்கெல்லாம் நீள மூக்கு, அந்தப் பிரச்சனை இல்ல.

மத்த நாடுகளைச் சுருக்கமாச் சொல்லிடறேன். பிரிட்டனுக்கு விமானத்துல போற நாய், பூனை கேபின்ல போக முடியாது, கார்கோதான். நாய்க்கு நுழையறதுக்கு முன்னாடி 24ல இருந்து 120 மணி நேரத்துக்குள்ள நாடாப்புழு மருந்தும் கொடுத்திருக்கணும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1ல இருந்து நாய்க்கு விதிகளை இறுக்கிடுச்சு. ஆறு மாசம் நிரம்பியிருக்கணும், சிப் இருக்கணும், இந்தியா மாதிரி ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாட்டுல இருந்து போனா கூடுதல் பேப்பரும் வேணும். ஆஸ்திரேலியா இந்தியாவுல இருந்து நேரா ஏத்துக்கிறதே இல்ல. 2015ல ஜானி டெப் தன்னோட ரெண்டு குட்டி நாயையும் தனி விமானத்துல சொல்லாமக் கொண்டுபோனப்போ, திருப்பி அனுப்பு, இல்லன்னா கொன்னுடுவோம்னு அமைச்சரே பேட்டி கொடுத்தார். நடிகருக்கே அப்படி.

சிங்கப்பூர் போறவங்களுக்கு இன்னொரு விஷயம். நம்ம ஆளுங்க அங்க பெரும்பாலும் எச்டிபி வீட்டுலதான் இருப்பாங்க. அங்க பொதுவா பட்டியல்ல இருக்கிற சின்ன இன நாய் ஒண்ணுக்குத்தான் அனுமதி. பூனைக்கு 2024 செப்டம்பர் வரைக்கும் அனுமதியே இல்ல, இப்போ உரிமத்தோட ரெண்டு வளர்க்கலாம். விமானம் ஏத்திக்குது, நாடு விடுது, ஆனா வீட்டுக்குள்ள விடமாட்டாங்கன்னு ஆகிடக் கூடாது. வீட்டு ஒப்பந்தத்தை முதல்ல படிங்க.

திரும்பி வர்றதுக்கும் விதி உண்டு. வெளிநாட்டுல இருந்துட்டு ஊருக்கே குடிபெயர்ந்து வர்றவங்க ரெண்டு பிராணி வரை கூட்டிட்டு வரலாம், முன்கூட்டியே தடையில்லாச் சான்று வாங்கணும். 2022ல உக்ரைன் போர் ஆரம்பிச்சப்போ, நாயை, பூனையை விட்டுட்டு வரமாட்டோம்னு இந்திய மாணவர்கள் சிலர் நின்னுட்டாங்க. அப்போ மத்திய அரசு அந்த விதியை ஒரு தடவைக்கு மட்டும் தளர்த்திச்சு. பங்கர்ல நாயைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டிருந்த பசங்க வீடியோவைப் பார்த்துட்டுத்தான், நானும் மணியை விடமாட்டேன்னு அம்மாகிட்ட வீராப்பா சொன்னேன்.

நம்ம ஊருக்கு மிருகங்களைத் தூரத்துல இருந்து கொண்டுவர்றது புதுசில்ல. காவிரி கடல்ல கலக்கிற பூம்புகாருக்குக் கடல் வழியாக் குதிரை வந்ததைப் பட்டினப்பாலை சொல்லுது. 13ஆம் நூற்றாண்டுல வந்த மார்கோ போலோ, தமிழ்நாட்டு ராஜாக்கள் ஆளுக்கு ரெண்டாயிரம் குதிரை வருஷா வருஷம் வாங்குறாங்க, வருஷக் கடைசியில நூறுகூட மிஞ்சறதில்லன்னு எழுதியிருக்கார். அவர் சொல்ற காரணம், பார்த்துக்கத் தெரிஞ்சவங்க இங்க இல்ல. குதிரைக்குச் சோறும் கறியும் வேகவெச்சுப் போட்டாங்களாம். படிச்சுட்டுச் சிரிச்சேன். அப்புறம் யோசிச்சேன். கப்பல் பயணத்தைத் தாங்கின குதிரைங்க, இறங்கின ஊர்லதான் செத்திருக்கு.

டிசம்பர்ல வந்தேன். டைட்டர் பாஸ். மூணு மாசமும் தாண்டியாச்சு. கூண்டை முற்றத்துல வெச்சு, கதவைத் திறந்துவிட்டு, உள்ள அம்மாவோட பழைய நூல் புடவையைப் போட்டு அவனைப் பழக்கினோம். நாலாவது நாளே உள்ள போய்த் தூங்கினான். எல்லாம் சரியாப் போய்க்கிட்டிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா கேட்டாங்க: "ஏண்டா, அங்க யாரைப் பார்த்துக் குரைப்பான்?"

நான் இருந்தது மூணாவது மாடி, ஒரு ரூம். காலையில எட்டரைக்குக் கிளம்பினா ஆறு மணிக்குத்தான் திரும்புவேன். இங்க அவனுக்குத் தெரு இருக்கு, பால்காரர் இருக்கார், எதிர்வீட்டுப் பூனை இருக்கு. அப்புறம் அப்பா இருக்கார். அப்பாவுக்கு சுகர். ரிட்டயர் ஆனப்புறம் டாக்டர் நடக்கச் சொல்லியும் நடக்கல, நாங்க சொல்லியும் நடக்கல. "நீ போன ஆறு மாசத்துல உங்கப்பா ஒரு நாள்கூட நடையை விடல. இவன் விடமாட்டேங்கிறான். அஞ்சரைக்கு செருப்பைக் கவ்விட்டு வந்து நிக்கிறான்"னாங்க அம்மா.

அப்பா வாயைத் திறக்கல. பள்ளிக்கரணை போக கார் பேசினது அவர்தான். ஃபைல்ல பேப்பரை வரிசையா அடுக்கினதும் அவர்தான். கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி, கூண்டுல தண்ணிக் கிண்ணம் ஆடாம இருக்கக் கம்பி கட்டிக்கிட்டிருந்தார். "எல்லாம் சரியா இருக்குப்பா, கூட்டிட்டுப் போ"ன்னார், என் முகத்தைப் பார்க்காம.

நான் கூட்டிட்டுப் போகல. மறுநாள் காரை வேண்டாம்னு சொல்லிட்டேன். தியாகம் அது இதுன்னு நினைச்சுடாதீங்க. ஃப்ளைட்ல ஏறினதுல இருந்து அழுதேன். அது சரியான முடிவான்னு இன்னைக்கும் சில ராத்திரி யோசிக்கிறேன். தனியா இருக்கிறவங்களுக்கு, பார்த்துக்க ஊர்ல யாரும் இல்லாதவங்களுக்கு, என் பதில் வேற: கண்டிப்பாக் கூட்டிட்டுப் போங்க, தெருவுல விட்டுட்டு மட்டும் போகாதீங்க. ஆறு மாசம் முன்னாடி ஆரம்பிங்க, சிப்பை முதல்ல வையுங்க. மத்தவங்க, நாயை எங்க கொண்டுபோறோம்னு யோசிக்கிறதோட, யார்கிட்ட இருந்து கொண்டுபோறோம்னும் ஒரு தடவை யோசிங்க.

கடைசியா ஒரு விதி. ஐரோப்பாவுக்கு டைட்டர் டெஸ்ட் ஒரு தடவை பாஸ் ஆனா, அதுக்கப்புறம் பூஸ்டர் ஊசியைத் தேதி தவறாமப் போட்டுக்கிட்டே வந்தா, மறுபடி எடுக்கவே வேண்டாம். ஒரு நாள் தாண்டினாலும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அப்பா வருஷா வருஷம் அந்தத் தேதியை டெய்லி ஷீட் காலண்டர்ல சிவப்புப் பேனாவால வட்டம் போட்டு வெச்சிடறார். மணியைக் கார்ல ஏத்தி ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி வரைக்கும் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுட்டு, கார்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுவார். கீழ எதுவும் எழுத மாட்டார்.

கூண்டு இன்னும் முற்றத்துலதான் இருக்கு. மத்தியானத் தூக்கம் அதுக்குள்ளதான். இப்போ கீழ குரைக்கிறான் பாருங்க, அஞ்சரை ஆகிடுச்சு. நான் லீவுல இருக்கிற வரைக்கும் மூணு பேராப் போறோம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம், வர்றேன்.