மலைக்குப் பார்க்கப் போகிறவர்களுக்கு

இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்த மன்றத்துக்கு நன்றி. பழங்குடி ஊர்களுக்குப் போய் அவர்களுடைய பண்பாட்டை நேரில் பார்த்து வரும் பழக்கத்தைப் பற்றி இன்று பேசலாமென்று இருக்கிறேன். நம் வடசேரியிலிருந்து குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்குப் போனால் அதற்கு அப்பால் காணிக்காரர்களின் குடியிருப்புகள். தோட்டமலை, தச்சமலை, மோதிரமலை, குற்றியாறு என்று பெயர்கள். கல்லூரியிலிருந்து கள ஆய்வு என்று போகிறோம். அமைப்புகளிலிருந்து பண்பாட்டுப் பயணம் என்று போகிறோம். தேன் வாங்குகிறோம், கொக்கரை இசைப்பதைக் கைபேசியில் பிடிக்கிறோம், சாயங்காலம் திரும்பிவிடுகிறோம். அந்த ஒரு நாளில் நாம் அவர்களுக்கு யார்? என்னுடைய கேள்வி அதுதான்.

இந்தக் கேள்வியோடு நூறாண்டுக்கு மேலாக மல்லுக்கட்டிய ஒரு மக்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். வடக்கே ஹொக்கைடோ தீவின் ஐனு மக்கள். அவர்கள் ஊருக்குப் பெயர் கோத்தான். இன்று அங்கே போகிற பயணிக்கு நாணல் வேய்ந்த வீட்டைக் காட்டுவார்கள். முக்குரி என்ற வாயிசைக் கருவியை வாசித்துக் காட்டுவார்கள். ஆடுவார்கள். கூரைக்கடியில் சால்மன் மீன் காயத் தொங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த மீனின் கதையைச் சொல்கிறேன்.

1869இல் ஜப்பான் அரசு அந்தத் தீவைத் தன்னுடையதாக்கிப் புதுப் பெயரும் வைத்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் மான் வேட்டைக்கும் ஆற்றில் சால்மன் பிடிப்பதற்கும் தடைகள் வந்தன. 1899இல் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் ஒன்று வந்தது. மீனும் மானும் தின்று வாழ்ந்தவர்களுக்குக் குடும்பத்துக்கு ஐந்து ஹெக்டேர்வரை விவசாய நிலம் கொடுத்து, பதினைந்து ஆண்டுக்குள் பண்படுத்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றது அந்தச் சட்டம். நிபுதானி என்ற ஊரில் கயானோ ஷிகெரு என்ற சிறுவன், பிள்ளைகளுக்குச் சால்மன் பிடித்துக்கொண்டு வந்த தன் தகப்பனைப் போலீஸ் பிடித்துப் போனதைப் பார்த்தான். பிற்பாடு ஜப்பான் நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் ஐனு அவர்தான், 1994இல்.

அதே மக்களை 1903இல் ஒசாகா பொருட்காட்சியை ஒட்டி ‘மனிதக் கூடம்’ என்ற கொட்டகையில் காட்சிக்கு வைத்தார்கள். ஐனு, தைவான் பழங்குடிகள், ஒகினாவா மக்கள் என்று பலர். ஒகினாவாவிலிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது. எதிர்ப்பின் குரலைக் கவனியுங்கள். மனிதர்களைக் காட்சிக்கு வைக்கலாமா என்பதோடு அது நிற்கவில்லை. எங்களை ஐனுக்களோடும் தைவான் மலைவாசிகளோடும் சேர்த்து நிறுத்துவதா என்றும் ஒகினாவாவின் படித்தவர்கள் கோபப்பட்டார்கள். அம்பேத்கர் இதற்குத்தான் படிநிலைச் சமத்துவமின்மை என்று பெயர் வைத்தார். மிதிபடுகிறவனுக்கும் தனக்குக் கீழே ஒரு படி இருப்பது ஆறுதலாகிவிடுகிறது. ஒசாகா கொட்டகை தூரத்தில் இருக்கிறது என்று நாம் நிம்மதியடைய வேண்டாம். ‘மலையாட்கள், பாவம், வெளியுலகம் தெரியாதவர்கள்’ என்று நம் சேரிகளிலும் குடியிருப்புகளிலும் பேசிக் கேட்டிருக்கிறோம்.

ஐனு மக்களின் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை எடுத்துப் போனார்கள் பேராசிரியர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் பல்கலைக்கழக அறைகளில் கிடந்தன. வழக்குப் போட்டுத்தான் 2016இல் சிலவற்றைத் திரும்ப வாங்கிப் புதைத்தார்கள். நம் நாட்டிலும் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் சாதி சாதியாக நிறுத்தி மூக்கின் நீளமும் அகலமும் அளந்தார். 1909இல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளில் காணிக்காரர்களும் உண்டு, நாமும் உண்டு. அளக்கப்பட்டவர்கள் என்ற வகையில் மலையும் சமவெளியும் ஒரே புத்தகத்துக்குள்தான் இருக்கின்றன.

1997 ஜப்பானில் இரண்டு காரியம் நடந்தது. நிபுதானியில் அணை கட்ட ஐனு நிலத்தை எடுத்தது சட்டவிரோதம் என்று சப்போரோ நீதிமன்றம் சொன்னது. ஆனால் அணை கட்டி முடிந்துவிட்டதால் அதை இடிக்க உத்தரவிடவில்லை. அதே ஆண்டு 1899 சட்டம் ஒழிந்து, ஐனு பண்பாட்டை வளர்க்கும் சட்டம் வந்தது. 2019இல் அவர்களைப் பூர்வகுடிகள் என்று சட்டமே ஒப்புக்கொண்டது. 2020 ஜூலையில் ஷிராவோய் ஊரின் ஏரிக்கரையில் உபொபோய் என்ற தேசிய அருங்காட்சியகமும் பூங்காவும் திறந்தார்கள். ஆட்டத்துக்கு அரங்கம் கிடைத்தது, மொழிக்குப் பலகை கிடைத்தது. மீன்? எங்கள் ஆற்றில் சால்மன் பிடிப்பது எங்கள் உரிமை என்று ஓர் ஐனு அமைப்பு 2020இல் தொடுத்த வழக்கை 2024 ஏப்ரலில் சப்போரோ நீதிமன்றம் தள்ளிவிட்டது. சடங்குக்கு அனுமதி வாங்கிப் பிடிக்கலாம். பிழைப்புக்குப் பிடிக்கக் கூடாது. கூரைக்கடியில் தொங்கும் மீனைப் பயணி படமெடுக்கலாம். ஆற்றிலிருந்து அதைப் பிடிக்கும் உரிமை அந்த வீட்டுக்காரருக்கு இல்லை.

இனி நம் மலைக்கு வருவோம்.

பேச்சிப்பாறை அணையைத் திருவிதாங்கூர் அரசு 1906இல் கட்டி முடித்தது. அந்தத் தண்ணீரில் நாஞ்சில் நாட்டு வயல் விளைகிறது. அந்த நெல்லில்தான் நம் வீட்டு உலை கொதிக்கிறது. அணைக்கு அந்தப்புறம் குடியிருக்கிறவர்கள் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரேஷனுக்கும் நீர்ப்பரப்பைப் படகில் கடக்கிறார்கள். மரச்சீனியும் நல்லமிளகும் தேனும் கீழே வருகின்றன. விலையைக் கீழே இருப்பவர்கள் வைக்கிறார்கள்.

ஓணத்துக்குக் காணிக்காரர்கள் திருவனந்தபுரம் அரண்மனைக்குத் தேனும் வாழைக்குலையும் கொண்டுபோவது பத்திரிகைகளில் படமாக வரும். நிலத்துக்குப் பட்டா கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது எத்தனை முறை படமாக வந்திருக்கிறது?

ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1987இல் அகத்தியமலைக்குப் போன ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணி இளைஞர்கள், களைப்புத் தெரியாமலிருக்க ஒரு காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அது என்ன என்று கேட்டபோது சொல்லத் தயங்கினார்கள். குடியின் இரகசியம் அது. வற்புறுத்திக் கேட்டபின் சொன்னார்கள். அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. 1995இல் ஒரு கோயம்புத்தூர் நிறுவனத்துக்குப் பத்து இலட்ச ரூபாய்க்கும் விற்பனையில் இரண்டு சதவீதத்துக்கும் உரிமம் போயிற்று. வந்ததில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுக்க இதை நல்ல முன்னுதாரணம் என்று எழுதினார்கள். பங்கு கொடுத்தது நல்லதுதான். ஆனால் இலை பறிக்க வேண்டுமென்றால் வனத்துறை மறித்தது. அறிவு அவர்களுடையது, காடு அரசினுடையது என்ற நிலை மாறவில்லை. அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது. செடிக்கும் அந்த மக்களுக்கும் 1956இல் போட்ட மாநில எல்லை தெரியாது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்க வந்தது. சிறுவனப் பொருள்களின் மீது உடைமை, சமூகக் காட்டைப் பாதுகாக்கும் உரிமை, மரபறிவின் மீது உரிமை எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. தொடங்க வேண்டிய இடம் கிராம சபை என்றும் எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2008இல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா கொடுப்பது பல ஆண்டு முடங்கியது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. ஆகவே ஒரு மலைக்குடியிருப்பின் பண்பாட்டை அறிய விரும்பும் மாணவர் முதலில் கேட்க வேண்டியது, இங்கே என்ன ஆட்டம் ஆடுவீர்கள் என்று அல்ல. உங்கள் சமூக உரிமை மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

பண்பாட்டைக் காட்டுவதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. கயானோ ஷிகெரு தானே சுற்றுலாத் தலத்தில் பயணிகள் முன் ஆடியவர். அந்தச் சம்பளத்தில் தன் மக்களின் பழைய பாத்திரம் பண்டங்களை ஆய்வாளர்களும் வியாபாரிகளும் வாங்கிப் போகுமுன் வாங்கிச் சேர்த்தார். பின்னால் அவை நிபுதானியிலேயே அருங்காட்சியகமாயின. பறையை வைத்து நாமும் இதே விவாதத்தை நடத்தியிருக்கிறோம். யார் அழைத்தால் அடிப்பது, எங்கே அடிக்க மாட்டோம் என்பதை அடிப்பவன் முடிவு செய்த இடத்தில்தான் அது நம் பறையாயிற்று. 1893இல் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனபோது ஊரே பார்த்தது. எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்பதை அவர் முடிவு செய்திருந்தார். அன்று இந்த மாவட்டமும் திருவிதாங்கூர்தான். அந்த மரபில் வருகிற நாம், மலைக்குப் போகும்போது மறுபக்கத்தில் நிற்கக் கூடாது.

அதனால் மாணவர்களுக்குச் சில வார்த்தை. மூட்டுக்காணியிடமும் கிராம சபையிடமும் முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். வேண்டாம் என்றால் அதை ஒரு பதிலாக மதித்துத் திரும்புங்கள். சாற்றுப்பாட்டு நோய் தீர்க்கவும் தெய்வத்தை அழைக்கவும் பிலாத்தி பாடுவது. ஐந்து நிமிடம் பாடிக் காட்டச் சொல்லாதீர்கள். பச்சிலையின் பெயரையும் பயனையும் அனுமதியில்லாமல் ஆய்வேட்டில் அச்சிடாதீர்கள். பதிவு செய்ததன் பிரதி ஒன்று அந்தக் குடியிலேயே இருக்கட்டும். வழிகாட்டியவருக்கும் சமைத்தவருக்கும் அவர்கள் சொல்லும் கூலியைக் கொடுங்கள். வன உரிமை மனு எழுத ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் தலைமை தாங்கப் போகாதீர்கள்.

மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். நாம் மேலே போவது போலவே அவர்களும் இங்கே வர வேண்டும், ஆடுவதற்காக அல்ல, பேசுவதற்காக. அடுத்த ஆண்டு இந்தச் சொற்பொழிவை ஒரு காணிப் பெண்ணோ இளைஞரோ தங்கள் மலம்பாஷையில் நிகழ்த்தட்டும். நமக்குப் புரிவதற்கு மொழிபெயர்ப்பாளரை நாம் ஏற்பாடு செய்துகொள்வோம். அவர்கள் பேருந்துச் செலவோடு ஒருநாள் கூலியையும் சேர்த்துக் கொடுப்போம். அவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதையும் கேட்போம். அது இனிப்பாக இருக்காது. இருந்தாலும் அச்சிடுவோம்.