விடையைச் சொல்லாமல் உதவுவோம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் நம் வளாகத்துப் பிள்ளைகள் கணக்கிலும் தமிழ்ச் செய்யுளிலும் சந்தேகம் கேட்டு வரும்போது எப்படி உதவலாம் என்று பேசச் சொன்னார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். விடை இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பிள்ளைக்கு நம்மிடம் வேண்டியது, எங்கே சிக்கியிருக்கிறோம் என்று கண்டுபிடிக்கத் துணையிருக்கும் ஓர் ஆள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 மீட்டர் வேலிக்கம்பி இருக்கிறது. அதைக் கொண்டு அடைக்கக்கூடிய மிகப் பெரிய செவ்வக நிலம் எது? பிள்ளை உடனே வகையிடத் தொடங்கி, நடுவில் நின்றுவிடும். பேனாவை வாங்கி நாம் போட்டுக் காட்ட வேண்டாம். "சும்மா சில எண்களை வைத்துப் பாரேன்" என்று சொன்னால் போதும். நீளமும் அகலமும் சேர்ந்து 20. 1, 19 என்றால் பரப்பு 19. 5, 15 என்றால் 75. 8, 12 என்றால் 96. 10, 10 என்றால் 100. சதுரம்தான் விடை என்று பிள்ளையே சொல்லிவிடும். அதன்பிறகு ஒரு பக்கத்தை x என்று வைத்து, x(20 − x) என்று எழுதி வகையிட்டால், எதற்காகச் செய்கிறோம் என்பது புரிந்திருக்கும்.

செய்யுளுக்கும் இதே வழிதான். அலகிடுதலை மனப்பாட வேலை என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். உண்மையில் அது எண்ணிக்கைதான். அசை இரண்டே வகை: நேர், நிரை. இரண்டு அசை சேர்ந்தால் 2 × 2, நான்கு சீர்: தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். மூன்று அசை சேர்ந்தால் 2 × 2 × 2, எட்டு: காய் நான்கு, கனி நான்கு. 'பாடம்' என்பதைப் பா, டம் என்று பிரித்தால் நேர் நேர், தேமா. 'கணிதம்' என்பது கணி, தம். நிரை நேர், புளிமா. கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

நயம் பாராட்டும் கேள்விக்கு, 'எதுகை மோனை சிறப்பாக அமைந்துள்ளது' என்று எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் வரியை எழுதிவிடுகிறார்கள். முதலில் இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். யார் யாரிடம் பேசுகிறார்? எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் பாட்டு சப்பென்று ஆகிவிடும்? இந்த இரண்டு கேள்விக்குப் பதில் வந்தால், நயம் தானாக வரும்.

நமக்கே தெரியாவிட்டால், "எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். தெரியவில்லை என்று சொல்வது அவமானமல்ல என்பதைப் பிள்ளை அப்போதுதான் கற்றுக்கொள்ளும். "புரிகிறது, புரிகிறது" என்று தலையாட்டிவிட்டு அறைக்குப் போய் அழும் பிள்ளைக்கு இந்தப் பாடம்தான் முதலில் தேவை.

ஆகவே இரண்டு வேண்டுகோள். வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம், சமுதாயக் கூடத்தில் உட்கார முடிந்தவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்; பட்டம் எதுவும் தேவையில்லை, பொறுமை போதும். இன்னொன்று, லிஃப்டில் பிள்ளைகளைப் பார்க்கும்போது "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். "எந்தக் கணக்கு படுத்துகிறது?" என்று கேளுங்கள்.